ஓய்வு கொள்ளும் கடமை

"ஓயாது உழைக்கும் உத்தமர்!" "உறக்கம் மறந்த உழைப்பாளி!" "இரவென்றும் பகலென்றும் பாராத இலட்சிய வீரர்!" பொதுக்கூட்ட மேடைகளிலே தலைவர்களுக்கு மாலையோடு சேர்த்துச் சூட்டப்படும் புகழுரைகள் இவை. சுவரொட்டியிலே காண்கிறோம், வரவேற்பு இதழிலே படிக்கிறோம், ஒலிபெருக்கியிலே கேட்கிறோம், கேட்டதும் கை தட்டுகிறோம். கை தட்டி முடித்த பிறகு, அமைதியாக அமர்ந்து, ஒரு கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்கிறோமா? உறக்கம் மறந்தவரிடம் ஒரு நாட்டின் பொறுப்பை, ஓர் இயக்கத்தின் எதிர்காலத்தை, ஓர் ஆலைத் தொழிலாளரின் வாழ்வை ஒப்படைப்பது அறிவுடைமையாகுமா?

ஆகாது என்கிறோம். அதுமட்டுமல்ல, ஓய்வு என்பது தலைவர்க்குரிய சலுகையன்று, அவர் மக்களுக்குச் செலுத்த வேண்டிய கடமைகளுள் ஒன்று என்றும் கூறுகிறோம்.

உடனே ஒரு மறுப்பு எழும். "இதென்ன புதுமை! மடியின்மை என்று ஓர் அதிகாரமே அமைத்துச் சோம்பலைச் சாடினாரே வள்ளுவர்! அடுத்த அதிகாரத்திலேயே ஆள்வினையுடைமையைப் போற்றினாரே! அந்த மண்ணிலே நின்று, தலைவரை ஓய்வெடுக்கச் சொல்கிறீர்களே!" என்று கேட்பர். கேட்கட்டும். அதே வள்ளுவர்தான், வலியறிதல் என்னும் அதிகாரத்தையும் அமைத்தார். அளவு கடந்து ஏற்றப்படும் சுமை, அது எத்துணை மெல்லிய பொருளாயினும், வண்டியை முறித்துவிடும் என்று அங்கே எச்சரித்தார். அவரேதான், தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்தில், தக்காரைத் தேர்ந்து வினையை அவரிடமே விட்டுவிடும் முறையையும் விளக்கினார். சோம்பல் வேறு, ஓய்வு வேறு. செய்ய வேண்டியதைச் செய்யாதிருப்பது சோம்பல். செய்ய வேண்டியதைச் செவ்வனே செய்யும் ஆற்றலைக் காத்துக்கொள்வது ஓய்வு. ஏர் பூட்டிய மாட்டை உச்சிவேளையிலே அவிழ்த்துவிடும் உழவனைச் சோம்பேறி என்று எவரும் ஏசுவதில்லை. மறுநாளும் உழ வேண்டுமே என்ற கவலை உள்ளவன் அவன்.

வெறும் வாதமாக இதை விட்டுவிட விரும்பவில்லை. வரலாறு தந்துள்ள சான்றொன்றைச் சற்று விரிவாகவே காண்போம்.

அமெரிக்க நாட்டிலே, 1907ஆம் ஆண்டில், ஒரு சட்டம் இயற்றினர். இரயில் வண்டியை ஓட்டுவோரைத் தொடர்ந்து 16 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது அச்சட்டத்தின் கட்டளை. ஓட்டுபவர்மீது கொண்ட இரக்கத்தால் மட்டும் எழுந்ததன்று அது. களைத்த கண் சிவப்பு விளக்கைக் காணாது. அவன் காணத் தவறினால் மாள்வோர் பின்னே பெட்டிகளில் உறங்கும் பயணிகள். அந்த உண்மையை விபத்துகள் கற்பித்திருந்தன. பின்னர், 1916ஆம் ஆண்டில், இரயில்வேத் தொழிலாளர் நாடு முழுவதும் வேலை நிறுத்தம் செய்யத் துணிந்த வேளையில், எட்டு மணி நேரமே ஒரு நாள் வேலையின் அளவு, அதற்கு மேல் உழைத்தால் கூடுதல் ஊதியம் என்று மற்றொரு சட்டம் பிறந்தது. அச்சட்டத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன். நாள், 1916 செப்டம்பர் 3. இடம், வாஷிங்டன் இரயில் நிலையத்தில் நின்றிருந்த அவருடைய தனிப் பெட்டி!

அந்த நாளையும் அந்த நிலையத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

வில்சன் குறையற்ற மாமனிதர் என்று நாம் கூறவில்லை. அவருடைய ஆட்சியிலேதான், அரசு அலுவலகங்களில் கறுப்பின மக்களைத் தனியே பிரித்து அமர்த்தும் கொடுமை வேரூன்றியது. மனிதரை நிறத்தால் பிரித்த கறை அவருடைய பெயரிலிருந்து நீங்காது. இங்கு நாம் ஆராய்வது வேறொன்று. ஒரே மனிதர், ஓய்வை மதித்த காலத்தில் எவ்வாறு பணியாற்றினார், மதிக்க மறந்த காலத்தில் என்ன ஆனார் என்பதே நம் ஆராய்ச்சி.

1913இல் பதவியேற்றபோது வில்சனின் உடல்நிலை சிறந்ததாக இல்லை. ஏழாண்டுகளுக்கு முன்பே, 1906இல், குருதிக் குழாயில் ஏற்பட்ட கேட்டினால் இடக்கண்ணின் பார்வை பழுதுபட்டிருந்தது. மருத்துவர் காரி கிரேசன், மருந்தைக் காட்டிலும் ஓய்வையே பெரிதாக விதித்தார். வேலைக்கு நேரம் வகுத்தனர். உறக்கத்துக்கும் உலாவுக்கும் ஆட்டத்துக்கும் நேரம் வகுத்தனர். கோல்ஃப் ஆட்டத்தில் வில்சன் திறமைசாலி அல்லர். ஆயினும் நாள் தவறாமல் ஆடினார். பனி பெய்த நாட்களில், வெண்மைக்கிடையே பந்து கண்ணுக்குப் புலப்பட வேண்டுமென்று, அதற்கு வண்ணம் பூசி ஆடினார் என்றால் பாருங்களேன்! "ஆட்சி புரிய வந்தவர் ஆட்டம் ஆடுகிறாரே!" என்று எள்ளியவர் இருந்திருக்கலாம். ஆனால் அந்த முதல் ஆண்டிலேதான் சுங்க வரிச் சீர்திருத்தம் நிறைவேறியது. அமெரிக்க நாட்டின் மத்திய வங்கி முறையை அமைத்த சட்டம் 1913 டிசம்பரில் நிறைவேறியது. இன்றளவும் நிற்கும் பணிகள், ஆட்டத்துக்கும் நேரம் ஒதுக்கிய அந்த ஆண்டிலே முடிந்தன.

பிறகு போர் வந்தது. போரின் முடிவு வந்தது. பாரிஸ் மாநாடு வந்தது. 1919ஆம் ஆண்டின் முற்பாதியில், உலகின் வரைபடத்தையே திருத்தி எழுதும் வேலையில் வில்சன் மூழ்கினார். பழைய ஒழுங்கு தளர்ந்தது. ஏப்ரலில் கடுங்காய்ச்சல் கண்டு படுத்தார். முழுதும் தேறுமுன் எழுந்தார். மீண்டும் பேச்சு, மீண்டும் வாதம். சர்வதேச சங்கம் என்னும் தம் கனவை உடன்படிக்கையிலே எழுதி வாங்கிக்கொண்டு தாயகம் திரும்பினார். அங்கோ, செனட் சபை மூன்றில் இரண்டு பங்கினர் இசைவு தந்தாலன்றி உடன்படிக்கை செல்லாது. செனட்டர்கள் திருத்தம் கோரினர். வில்சன் வளைய மறுத்தார். "மக்களிடமே செல்கிறேன்" என்றார். மருத்துவர் தடுத்தார், மனைவி கலங்கினார். அவர் கேட்கவில்லை.

1919 செப்டம்பர் 3ஆம் நாள், வாஷிங்டன் இரயில் நிலையத்திலிருந்து புறப்பட்டார். ஆம், அதே நாள், அதே நிலையம்! இரயில்வேத் தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலை என்று மூன்றாண்டுகளுக்கு முன்பு எங்கே கையெழுத்திட்டாரோ, அங்கிருந்தே, தமக்கென எந்த வரம்பும் வைத்துக்கொள்ளாமல் இரயில் ஏறினார். 22 நாட்களில் ஏறத்தாழ 8,000 மைல். ஏறத்தாழ நாற்பது சொற்பொழிவுகள். ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் செவியில் விழும்படி தொண்டை வறளக் கத்த வேண்டும். தலைவலி ஓயவில்லை, இரவிலே உறக்கம் வரவில்லை. வண்டியை ஓட்டியவர்கள் முறை மாறினர். வண்டியிலே சென்ற தலைவருக்கு மாற்று ஆள் இல்லை.

செப்டம்பர் 25. கொலராடோ மாநிலத்துப் பியூப்ளோ நகரில் பேசினார். அன்றிரவு வண்டியிலேயே நிலைகுலைந்தார். பயணம் நிறுத்தப்பட்டது. தலைநகர் திரும்பிய சில நாட்களில், அக்டோபர் 2ஆம் நாள், பக்கவாதம் தாக்கி இடப்பக்கம் செயலிழந்து வீழ்ந்தார்.

அதன் பின் நடந்ததுதான் நம் சிந்தனைக்குரியது. தலைவர் களைத்திருக்கிறார், ஓய்வு தேவை என்று நாட்டுக்கு அறிவித்தனர். நலமாயிருந்த நாளில் மறுக்கப்பட்ட ஓய்வு, வீழ்ந்த நாளில் உண்மையை மூடும் திரையாயிற்று! எந்தத் தாள் அவர் கண்ணிற்படலாம், எது படலாகாது என்பதை அவருடைய மனைவி ஈடித் முடிவு செய்தார். பிரிட்டனிலிருந்து சிறப்புத் தூதராக வந்த கிரே பிரபு, மாதக்கணக்கில் இருந்தும், குடியரசுத் தலைவரின் முகத்தைக் காணாமலேயே நாடு திரும்பினார். வெளிநாட்டுத் துறைச் செயலர் லான்சிங், வேலை தேங்கிவிடக் கூடாதென்று அமைச்சர்களை அழைத்துக் கலந்தாய்வு நடத்தி வந்தார். அது வில்சனுக்குத் தெரிந்ததும், 1920 பிப்ரவரியில், அவருடைய பதவி பறிபோயிற்று. தாம் இல்லாதபோதும் பணி நடக்கச் செய்தவர் தண்டனைக்குரியவரானார்! 1920 ஏப்ரலில்தான் அமைச்சரவை மீண்டும் தலைவரைக் கண்டது.

உடன்படிக்கை என்ன ஆயிற்று? 1919 நவம்பர் 19ஆம் நாள் செனட் சபை அதனை நிராகரித்தது. 1920 மார்ச் 19ஆம் நாள், திருத்தங்களோடு மீண்டும் வாக்கெடுப்பு நடந்தபோது, ஆதரவு 49, எதிர்ப்பு 35. இன்னும் ஏழே வாக்குகள் வேண்டும். 'திருத்தத்தை ஏற்காதீர்' என்ற வில்சனின் பிடிவாதத்தாலேயே அவருடைய கட்சியினர் பலர் எதிர்த்து வாக்களித்தனர். எந்தச் சர்வதேச சங்கத்துக்காக அவர் உயிரைப் பணயம் வைத்தாரோ, அந்தச் சங்கத்தில் அவருடைய நாடு இறுதிவரை சேரவேயில்லை.

ஓய்வெடுத்திருந்தால் நோயே வந்திராது, உடன்படிக்கை வென்றிருக்கும் என்று நாம் அடித்துக் கூற மாட்டோம். நோய் அவருடைய குருதிக் குழாய்களில் முன்பே குடியிருந்தது. அரசியல் எதிர்ப்பும் வலிமையாயிருந்தது. ஆனால் ஒன்றை உறுதியாகக் கூறலாம். ஏழு வாக்குகளைத் திரட்டத் தேவைப்பட்டது எண்ணாயிரம் மைல் பயணமன்று. எதிர்த்தரப்பாரை அழைத்து அமர்த்தி, சொல்லுவதைக் கேட்டு, கொடுப்பதைக் கொடுத்து, கொள்வதைக் கொள்ளும் தெளிந்த மனமே தேவைப்பட்டது. களைப்பு முதலில் கொல்லுவது உடலையன்று. அந்த மனத்தையே கொல்லுகிறது.

இதிலே மற்றொரு விந்தையும் உண்டு. அதே உடன்படிக்கையின்படி பிறந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு, 1919 அக்டோபர் 29ஆம் நாள், அதே வாஷிங்டன் நகரில் கூடியது. நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பதே அது நிறைவேற்றிய முதல் ஒப்பந்தம். (அடிமைப்பட்டிருந்த இந்தியத் தொழிலாளிக்கு வாரம் 60 மணி என்று அதிலேயே தனி விதி வகுத்தனர்; ஆள்வோர் நீதி அது!) உழைப்புக்கு எல்லை வேண்டும் என்று உலகம் எழுதிக்கொண்டிருந்த அந்நாட்களில், எல்லையின்றி உழைத்தவர், அந்நகரிலேயே, வெள்ளை மாளிகையின் மாடியில் கை கால் விளங்காமற் கிடந்தார்.

"போரும் புரட்சியும் நடக்கும்போது ஓய்வாவது, உறக்கமாவது!" என்பார்க்கு ஆபிரகாம் லிங்கனைக் காட்டுகிறோம். அவருடைய நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. நெருக்கடி என்றால் அதனினும் பெரிதொன்று உண்டோ? வெள்ளை மாளிகையிலோ, படிக்கட்டு முதல் பணிமனை வரை, வேலை கேட்போர் கூட்டம், சிபாரிசு தேடுவோர் கூட்டம். லிங்கன், 1862, 1863, 1864 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், கோடை முதல் இலையுதிர் காலம் வரை, ஏறத்தாழ மூன்று மைல் தொலைவிலிருந்த படைவீரர் இல்லத்தின் ஒரு குடிலிலே தங்கினார். பகலிலே நகருக்கு வந்து பணியாற்றுவார். மாலையிலே குதிரையேறிக் குடிலுக்குத் திரும்புவார். வேலையைத் துறந்தாரில்லை, வேலைக்கும் தமக்கும் இடையே மூன்று மைல் இடைவெளி அமைத்துக்கொண்டார்.

அந்த இடைவெளி அவரை மக்களிடமிருந்து விலக்கியதா? இல்லை! போகும் வழியில் காயமுற்ற வீரர்களைக் கண்டார். அடிமைத் தளையறுத்து ஓடிவந்து முகாம்களில் தங்கியிருந்த கறுப்பின மக்களைக் கண்டார். குடிலுக்கு அருகிலேயே இடுகாடு. போரிலே மாண்டோர் நாள்தோறும் அங்கே புதைக்கப்பட்டனர். மாளிகையில் சலுகை கேட்போரை மட்டுமே கண்ட கண், வழியிலே விலை கொடுத்தோரைக் கண்டது. அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தை அவர் எண்ணி எண்ணி உருவாக்கியது 1862ஆம் ஆண்டின் அந்தக் கோடையிலேதான். செப்டம்பர் 22ஆம் நாள் முன்னறிவிப்பு. 1863 சனவரி முதல் நாள் பிரகடனம். நெருக்கடி மிகுந்த வேளையே ஓய்வு மிகத் தேவைப்படும் வேளை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்வளவு தெளிவாக இருந்தும் தலைவர்கள் ஏன் ஓய்வை வெறுக்கின்றனர்? "நான் இல்லையென்றால் எதுவும் நடவாது" என்ற எண்ணமே காரணம். கேட்பதற்குத் தியாகம் போல ஒலிக்கும் இச்சொல்லைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தால், உள்ளே இருப்பது அகந்தை. தம் உடன் உழைப்போர் அனைவரும் ஆற்றலற்றோர் என்ற இழிமதிப்பு அதிலே மறைந்திருக்கிறது. எல்லாம் வல்ல கடவுளே ஆறு நாள் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்று எழுதி வைத்திருக்கின்றனர். இவரோ எட்டாம் நாளும் ஓயேன் என்கிறார்! கடவுளினும் மேம்பட்டவர் என்று எண்ணுகிறாரோ?

தவறு தலைவரிடம் மட்டுமில்லை. கை தட்டும் நம்மிடமும் இருக்கிறது. மனிதரைச் சிலையாக்கி, சிலைக்குப் பசியில்லை, உறக்கமில்லை, நோயில்லை என்று நம்புகிற பழைய பழக்கத்தை, கோயிலிலிருந்து கொண்டுவந்து மேடையிலே குடியேற்றிவிட்டோம். புகழ்ச்சியும் விலங்காகும். "எங்கள் அம்மா ஒரு நாளும் ஓய்ந்து உட்கார்ந்ததில்லை" என்று பெருமை பேசும் வீடுகளிலே, அந்தத் தாயை அடுக்களையோடு பிணைத்த விலங்கும் அந்தப் பெருமைப் பேச்சுதான்.

அறிவியல் கூறுவதையும் கேளுங்கள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்போரின் திறனைச் சோதித்தது. குருதியில் 0.05 விழுக்காடு மது கலந்தவருக்கு எத்தகைய தடுமாற்றமோ, அத்தகைய தடுமாற்றம் அவர்களிடமும் காணப்பட்டது. சில சோதனைகளில் அதனினும் மிகுந்தே காணப்பட்டது. மது அருந்திவிட்டுக் கோப்பிலே கையெழுத்திடும் தலைவரை நாம் மன்னிப்போமா? தூற்றுவோம், துரத்துவோம். உறக்கமின்றிக் கையெழுத்திடுபவருக்கோ மாலை சூட்டுகிறோம்! கையெழுத்தின் விளைவைச் சுமக்கப்போகும் ஏழைக்கு, இரண்டுக்கும் வேறுபாடு என்ன?

ஓய்வு என்றதும் மலைவாழிடத்து மாளிகையும், மக்கள் வரிப்பணத்தில் மகிழ்வுலாவும் சிலர் நினைவுக்கு வரலாம். அதற்கு நாம் வாதாடவில்லை. தலைவரின் ஓய்வுக்கு மூன்று நெறிகள் உண்டு. ஒன்று, அது வெளிப்படையாக இருக்க வேண்டும். எத்தனை நாள், எதற்காக என்பது மக்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டு, அந்நாட்களில் பொறுப்பு யாரிடம் என்று பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பின் தொலைவிலிருந்து கயிறு இழுக்கலாகாது. மூன்று, தாம் பெறும் ஓய்வு தமக்குக் கீழே உழைப்போருக்கும் கிட்டச் செய்ய வேண்டும். நள்ளிரவு வரை தலைவரின் அறையில் விளக்கெரிந்தால், எழுத்தர், ஓட்டுநர், காவலர், ஏவலர் ஆகிய அத்தனை பேரின் வீட்டிலும் காத்திருக்கும் விளக்கொன்று எரிகிறது. தலைவருக்குப் புகழ் தரும் விழிப்பு, அவர்களுக்குக் கூலியும் தராத விழிப்பு.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவன்று. வில்சனின் நோய் மறைக்கப்பட்ட அதே நாட்டிலே, 1967இல், அரசியல் சட்டத்தின் 25ஆவது திருத்தம் நிறைவேறியது. தலைவர் தம் அதிகாரத்தைத் துணைத் தலைவரிடம் எழுத்து மூலம் சில காலம் ஒப்படைத்து, பின்னர் எழுத்து மூலமே திரும்பப் பெற அது வழி செய்தது. 2002இலும் 2007இலும் புஷ், மருத்துவச் சோதனைக்காக மயக்க மருந்து பெற்ற சில மணி நேரத்துக்கு அவ்வாறே ஒப்படைத்தார். 2021 நவம்பர் 19ஆம் நாள், பைடன் அவ்வாறு ஒப்படைத்தபோது, பொறுப்பேற்றவர் கமலா ஆரிசு. சென்னையிலே பிறந்த சியாமளா கோபாலனின் மகள். அமெரிக்கத் தலைவரின் அதிகாரம் ஒரு பெண்ணின் கைக்கு வந்தது அதுவே முதன்முறை. 85 நிமிடங்கள்! வானம் இடிந்து விழவில்லை, ஆட்சி ஆட்டங்காணவில்லை, சோதனை முடிந்து எழுந்தவர் அதிகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வில்சனின் உடன்படிக்கையை செனட் சபை தள்ளியதும் ஒரு நவம்பர் 19ஆம் நாள்தான். இடையிலே 102 ஆண்டுகள். "நானின்றி இயலாது" என்பதிலிருந்து "சற்று நேரம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதற்கு வந்து சேர ஒரு பெரிய நாட்டுக்கு அத்தனை காலம் பிடித்தது.

ஆகவேதான் கூறுகிறோம். தலைவரை அளக்க நாம் கையிலே வைத்திருக்கும் கோலை மாற்றுவோம். எத்தனை மணி நேரம் விழித்திருந்தார் என்று கேட்பதை விடுப்போம். அவர் ஒரு திங்கள் இல்லாதபோது பணி எவ்வாறு நடந்தது என்று கேட்போம். நின்றுபோயிற்று என்றால், அவர் வளர்த்தது தம்மைத்தான், இயக்கத்தையன்று. செம்மையாக நடந்தது என்றால், அவர் இருந்த காலத்திலே ஆட்களை உருவாக்கியிருக்கிறார், நம்பிக்கையை விதைத்திருக்கிறார், அதிகாரத்தைப் பகிர்ந்திருக்கிறார் என்று பொருள். அத்தகையவர் ஓய்வெடுத்துத் திரும்பும் நாளிலே மாலை சூட்டுவோம். அந்தக் கைதட்டலிலே பகுத்தறிவும் இருக்கும்.